பூங்காவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? லண்டன் லீ பள்ளத்தாக்கை வைத்து ஓர் எளிய விளக்கம்

லண்டனில் குடியிருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில், வீடுகளுக்கு உள்ளாட்சி விதிக்கும் கவுன்சில் வரியின் பில் வரும். அந்தப் பில்லோடு, வரிப்பணம் எப்படிச் செலவாகிறது என்று சொல்லும் ஒரு துண்டறிக்கையையும் ஒவ்வொரு பரோவும் (லண்டனின் உள்ளாட்சிப் பிரிவு) வெளியிடுகிறது. முன்பெல்லாம் உறைக்குள் வைத்து அனுப்புவார்கள்; இப்போது பெரும்பாலும் இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். அதன் கடைசிப் பக்கங்களைப் பொறுமையாகப் படித்தால், பரோவின் சொந்தச் செலவுகளுக்குப் பிறகு வேறு சில அமைப்புகளின் பெயர்கள் கண்ணில் படும். சுற்றுச்சூழல் முகமை, லண்டன் ஓய்வூதிய நிதி ஆணையம் ஆகியவற்றுடன் லீ பள்ளத்தாக்கு வட்டாரப் பூங்கா ஆணையமும் அங்கே இருக்கும்.

தேம்ஸ் நதிக்குத் தெற்கே, குரோய்டனிலோ சட்டனிலோ வாழும் ஒருவருக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். லீ பள்ளத்தாக்கு நகரின் வடகிழக்கில் இருக்கிறது. அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட அங்கே போயிருக்க மாட்டார். அப்படியிருக்க, அந்தப் பூங்காவுக்கு அவருடைய வரியிலிருந்து ஏன் பணம் போகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், பல ஊர்களுக்குப் பொதுவான ஒரு பூங்காவை உள்ளாட்சி அமைப்புகள் எப்படிக் கூட்டாகத் தாங்கி நிற்கின்றன என்பது முழுவதுமாகப் புரிந்துவிடும். அந்த ஏற்பாட்டைத்தான் இக்கட்டுரை முதலிலிருந்து விளக்க முற்படுகிறது.

முதலில் அடிப்படையான ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பையும் குழந்தைகள் பாதுகாப்பையும் குப்பை அகற்றுவதையும் சட்டம் உள்ளாட்சிகளின் கடமையாக ஆக்கியிருக்கிறது. பூங்கா வைத்திருக்க வேண்டும் என்ற கடமை எந்தக் கவுன்சிலுக்கும் இல்லை. பூங்கா அவர்கள் விரும்பிச் செய்யும் பணி. பணம் தாராளமாக இருக்கும்போது இந்த வேறுபாடு யாருக்கும் தெரிவதில்லை. நெருக்கடி வரும்போது, சட்டம் கட்டாயப்படுத்தும் செலவுகளுக்கு ஒதுக்கியது போக மிச்சம் இருப்பதைத்தான் பூங்காவுக்குத் தர முடியும் என்ற நிலை உண்டாகிறது. ஒரே பரோவுக்குள் அடங்கும் பூங்காவுக்கே இந்த நிலை என்றால், பல உள்ளாட்சிகளின் எல்லைகளைத் தாண்டி நீளும் பூங்காவின் கதி இன்னும் மோசமாகும். ஒவ்வொரு கவுன்சிலும், பக்கத்துக் கவுன்சில் தரட்டுமே என்று காத்திருக்கும். கடைசியில் எவரும் தர மாட்டார்கள்.

லீ நதிப் பள்ளத்தாக்கு இதற்கு நல்ல உதாரணம். (ஆங்கிலத்தில் நதியின் பெயரை ஒரு விதமாகவும் பூங்காவின் பெயரை வேறு விதமாகவும் எழுதுகிறார்கள், தமிழில் இரண்டும் ‘லீ’ என்றே ஒலிப்பதால் நமக்கு அந்தக் குழப்பம் இல்லை.) ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள வேர் என்னும் ஊரிலிருந்து, எசெக்ஸ் எல்லையை ஒட்டி இறங்கி, லண்டனின் கிழக்குப் பரோக்கள் வழியாகத் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கிழக்கிந்தியத் துறைமுகக் குளம் வரை 26 மைல் நீளத்துக்கு, சுமார் 10,000 ஏக்கர் பரப்பில் இந்தப் பூங்கா பரந்து கிடக்கிறது. தமிழர்கள் நிறைய வாழும் ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹம் பரோவும் இதன் கரையில்தான் இருக்கிறது.

இன்று பசுமையாகத் தெரியும் இந்த நிலம் அறுபது ஆண்டுகளுக்கு முன் அப்படி இருக்கவில்லை. வால்தம் அபேயில் வெடிமருந்து ஆலை, என்ஃபீல்டில் துப்பாக்கித் தொழிற்சாலை, ஆற்றோரமெங்கும் சரளைக்கல் தோண்டிய குழிகள், கைவிடப்பட்ட கண்ணாடிப் பசுமைக்குடில்கள், குப்பை மேடுகள் என்று பெருநகரம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததைக் கொட்டிய இடமாக அது இருந்தது. 1944-ல் பேட்ரிக் அபர்குரோம்பி தயாரித்த பெருலண்டன் திட்டமே இந்தப் பள்ளத்தாக்கைப் பசுமை நிலமாக மாற்றலாம் என்று சொன்னது. ஆனால் யோசனை காகிதத்திலேயே கிடந்தது. 1960களின் தொடக்கத்தில் ஹாக்னி மேயராக இருந்த லூ ஷெர்மன், பள்ளத்தாக்கையொட்டிய உள்ளாட்சிகளை ஒன்றாக உட்கார வைத்தார். அந்த முயற்சியின் விளைவாக 1966-ல் நாடாளுமன்றம் இந்த ஒரு பூங்காவுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. 1967 ஜனவரி 1 அன்று ஆணையம் செயல்படத் தொடங்கியது.

சட்டம் ஆணையத்துக்கு நிலத்தை வாங்கவும் பராமரிக்கவும் அதிகாரம் தந்ததோடு நிற்கவில்லை. பணத்துக்கு வழியும் அதிலேயே எழுதப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் லண்டன், எசெக்ஸ், ஹார்ட்ஃபோர்ட்ஷயர் ஆகிய பகுதிகளின் உள்ளாட்சிகளிடமிருந்து ஆணையம் தனக்கு வேண்டிய தொகையைக் கேட்டுப் பெறலாம். இப்படிக் கேட்கும் தொகைக்கு இன்று ‘லெவி’ என்று பெயர்.

லெவிக்கும் மானியத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் இந்த விஷயத்தில் பாதி புரிந்ததாகும். மானியம் என்றால் தருபவர் மனம் வைத்துத் தருவது. அடுத்த ஆண்டு குறைக்கலாம், நிறுத்தலாம், நிபந்தனை போடலாம். லெவி ஒரு பில். அது வந்து சேர்ந்தால் கவுன்சில் கட்டித்தான் ஆக வேண்டும். எங்களுக்கு இந்த ஆண்டு கஷ்டம் என்று சொல்லிக் குறைக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் கிடையாது. பூங்கா ஆணையம் பொதுமக்களிடம் நேரடியாக வரி வசூலிப்பதும் இல்லை. கவுன்சில் தன் சொந்த வரவு செலவுத் திட்டத்துக்குள் அந்தத் தொகையையும் ஒரு செலவாகச் சேர்த்து, மொத்தத்தையும் கவுன்சில் வரியாக மக்களிடம் வசூலித்து, லெவித் தொகையை ஆணையத்துக்கு அனுப்பிவிடுகிறது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதற்குப் பழக்கமான ஓர் ஒப்புமை உண்டு. சொத்து வரி ரசீதில் நூலக வரி என்று ஓர் இனம் இருக்கும். 1948-ன் பொது நூலகச் சட்டத்தின்படி உள்ளாட்சிகள் சொத்து வரியோடு சேர்த்து வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குத் தர வேண்டிய பணம் அது. ஒரு அமைப்பு வசூலிக்க, வேறொரு அமைப்பு செலவிடுவது இரண்டுக்கும் பொது. நூலக வரியில் விகிதம் நிலையாக இருக்கிறது. வசூலான அளவே நூலகத்தின் வருவாய். லெவியில் ஆணையமே தன் தேவையைக் கணக்கிட்டுத் தொகையை முடிவு செய்கிறது.

இனி, மொத்தத் தொகையை எப்படிப் பங்கு பிரிக்கிறார்கள் என்று பார்ப்போம். இங்கிலாந்தில் ஒவ்வொரு வீடும் மதிப்புக்கேற்ப ஏ முதல் எச் வரை எட்டு வரிப்படிகளில் ஒன்றில் வைக்கப்படுகிறது. நடுவில் உள்ள டி படியை அளவுகோலாகக் கொள்கிறார்கள். ஏ படி வீடு டி படியின் ஒன்பதில் ஆறு பங்கு வரி கட்டும். எச் படி வீடு அதன் இரு மடங்கு கட்டும். இந்தக் கணக்கின்படி ஒரு கவுன்சிலில் உள்ள எல்லா வீடுகளையும், சலுகைகளைக் கழித்து, ‘இத்தனை டி வீடுகளுக்குச் சமம்’ என்று மாற்றினால் கிடைக்கும் எண்ணுக்கு வரி அடித்தளம் என்று பெயர். லெவி அந்த எண்ணின் விகிதத்தில் பிரிகிறது.

கணக்குக்காக மூன்று கவுன்சில்களை எடுத்துக்கொள்வோம். முதலாவதன் வரி அடித்தளம் 1,00,000, இரண்டாவது 60,000, மூன்றாவது 40,000. ஆணையம் 4 லட்சம் பவுண்டு கேட்கிறது. மொத்த அடித்தளம் 2 லட்சம் என்பதால் ஒரு டி வீட்டுக்கு 2 பவுண்டு. ஆகவே முதலாவது 2 லட்சமும், இரண்டாவது 1,20,000-மும், மூன்றாவது 80,000-மும் கட்டும். பூங்கா முழுவதும் மூன்றாவது கவுன்சிலின் எல்லைக்குள் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. எத்தனை பேர் பூங்காவுக்கு வந்தார்கள் என்பதும் இதில் இடம்பெறாது. வீடுகளின் எண்ணிக்கையும் மதிப்புமே பங்கைத் தீர்மானிக்கின்றன.

உண்மையான தொகை எவ்வளவு என்பதைத் தெரிந்துகொண்டால் பேச்சு தெளிவாகும். லீ பள்ளத்தாக்கு ஆணையத்தின் லெவி அண்மை ஆண்டுகளில் சுமார் 1 கோடி பவுண்டு அளவில் இருந்திருக்கிறது. அதைச் சுமக்கும் மூன்று பகுதிகளிலும் ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். தலைக்கு ஆண்டுக்கு ஒரு பவுண்டுக்கும் குறைவாகவே வருகிறது. டி வீட்டுக்குக் கணக்கிட்டால் இரண்டிலிருந்து மூன்று பவுண்டு. ஒரு தேநீரின் விலைதான் என்று சொல்லி இதை ஒதுக்கிவிடுவது சரியல்ல என்பது என் கருத்து. ஒரு வீட்டுக்குச் சிறிய தொகையாக இருந்தாலும், ஒரு பரோவின் கணக்கில் அது லட்சங்களில் எழுதப்படுகிறது. அந்த லட்சங்களுக்கு வேறு பயன்களும் உண்டு.

லெவியின் கால அட்டவணையும் சட்டத்தில் இருக்கிறது. 1992-ன் விதிகளின்படி, ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான லெவியை அதற்கு முந்தைய பிப்ரவரி 15-க்குள் ஆணையம் அறிவித்துவிட வேண்டும். கவுன்சில்கள் மார்ச் 11-க்குள் தங்கள் வரியை முடிவு செய்ய வேண்டும் என்பதால் இந்தக் கெடு. ஆகவே ஆணையத்தின் முக்கியமான முடிவு குளிர்காலத்தில், பெரும்பாலும் ஜனவரியில் கூடும் கூட்டத்தில் எடுக்கப்படுகிறது. மக்கள் கையில் பில் வரும்போது எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

கேட்டதெல்லாம் கிடைக்கும் என்றால் ஆணையம் அளவின்றிக் கேட்காதா என்ற ஐயம் எழுவது இயல்பு. சட்டம் இயற்றியவர்களுக்கும் அது எழுந்தது. 1966-ல் அவர்கள் வைத்த உச்சவரம்பு ‘ஒரு பென்னி ரேட்’. அதாவது, அன்றைய முறையில் சொத்தின் ஆண்டு வாடகை மதிப்பில் ஒவ்வொரு பவுண்டுக்கும் ஒரு பென்னி வீதம் வசூலித்தால் எவ்வளவு கிடைக்குமோ அதற்கு மேல் ஆணையம் கேட்கக் கூடாது. பிறகு அந்தப் பழைய சொத்து வரி முறையே ஒழிந்து, 1993-ல் கவுன்சில் வரி வந்தது. உச்சவரம்பு மட்டும் ஒரு தொகையாக நிலைத்து, சில்லறை விலைக் குறியீட்டோடு ஆண்டுதோறும் உயர்ந்துவருகிறது. ஆணையம் அந்த உச்சத்தை எட்டுவதில்லை; அண்மைக் காலத்தில் அதில் பாதிக்கும் குறைவாகவே கேட்டிருக்கிறது. 2010களில் பல ஆண்டுகள் லெவியை உயர்த்தாமல் வைத்தும் குறைத்தும் வந்திருக்கிறது.

இதற்குக் காரணம் ஆணையத்தின் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பதில் இருக்கிறது. அதன் 28 உறுப்பினர்களும் உள்ளாட்சிகளால் நியமிக்கப்படுபவர்கள். பெரும்பான்மையான இடங்கள் பூங்காவைத் தொட்டுக்கொண்டிருக்கும் கவுன்சில்களுக்கும் எசெக்ஸ், ஹார்ட்ஃபோர்ட்ஷயர் ஆகிய இரண்டு கவுன்டிகளுக்கும் (மாவட்டம் போன்றவை) உரியவை. மீதியுள்ள லண்டன் பரோக்கள் சேர்ந்து சில உறுப்பினர்களை அனுப்புகின்றன. ஜனவரியில் ஆணையத்தின் மேசையில் லெவியை நிர்ணயிக்கும் கவுன்சிலர், பிப்ரவரியில் தன் சொந்தக் கவுன்சிலில் உட்கார்ந்து அதே லெவியைச் செலவுப் பட்டியலில் பார்க்கிறார். தாமே போட்ட பில்லைத் தாமே கட்ட வேண்டியிருப்பதால் கை தானாகவே அடங்குகிறது.

லெவி என்ற இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதே லண்டனின் மேற்கு விளிம்பில், ரிக்மன்ஸ்வொர்த்திலிருந்து ஸ்டேன்ஸ் வரை கோல்ன் நதியை ஒட்டி இன்னொரு வட்டாரப் பூங்கா இருக்கிறது. அதுவும் 1965-ல், அதே காலத்து நம்பிக்கையோடு உருவானது. அங்கும் சரளைக் குழிகள், ஏரிகள், பல உள்ளாட்சிகளின் எல்லைகள் எல்லாம் உண்டு. ஆனால் கோல்ன் பள்ளத்தாக்குக்கென்று தனிச் சட்டம் இயற்றப்படவில்லை; லெவி கேட்கும் அதிகாரமும் இல்லை. கவுன்சில்கள் தாமாகச் சேர்ந்து, தாமாகப் பங்களிப்பு தந்து நடத்திய கூட்டாண்மை அது. ஒரு கவுன்சில் தன் பங்கைக் குறைத்தால் கேட்பதற்கு எவருக்கும் சட்ட பலம் கிடையாது. இன்று அது சமூக நலன் நிறுவனம் என்ற வடிவில், சொந்தமாகப் பெரிய நிலம் எதுவுமின்றி, தன்னார்வலர்களின் உழைப்பிலும் திட்டத்துக்குத் திட்டம் தேடிப் பெறும் நிதியிலும் நடக்கிறது. அதிவேக ரயில் பாதைக்காக ஏரிகளின் மீது 3.4 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் எழுந்தபோதும் அந்த அமைப்பு வாதாடியது, ஆலோசனை சொன்னது. அங்கே உழைப்பவர்களின் ஈடுபாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். எனினும் ஒரே நகரம், ஒரே காலம், ஒரே வகை நிலம் என்று இருந்தும் இரண்டு பள்ளத்தாக்குகளும் இவ்வளவு வேறுபட்டுப் போனதற்கு, ஆண்டுதோறும் நம்பக்கூடிய வருவாய் ஒன்றுக்கு இருந்ததும் மற்றொன்றுக்கு இல்லாததுமே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

நம்பக்கூடிய வருவாய் என்ன செய்யும் என்பதை லீ பள்ளத்தாக்கின் ஃபிஷர்ஸ் கிரீன் என்ற இடத்தில் கண்ணால் பார்க்கலாம். சரளை தோண்டிக் கைவிட்ட குழிகளில் நீர் நிரம்பி ஏரிகளான இடம் அது. குளிர்காலத்தில், நாணல்களுக்கு நடுவே, நாணலின் நிறத்திலேயே, அலகை வானோக்கித் தூக்கியபடி அசையாமல் நிற்கும் பிட்டர்ன் என்ற அரிய கொக்கினப் பறவையைப் பார்க்க மறைவிடத்தில் மக்கள் மணிக்கணக்காகக் காத்திருப்பார்கள். அந்த நாணலை அப்படியே விட்டால் சில ஆண்டுகளில் புதர் ஏறி நீர் வற்றிவிடும்; முறைவைத்து வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். திறப்பு விழா இல்லாத, புகைப்படத்துக்கு உதவாத இந்த வேலைக்கு எந்த நன்கொடையாளரும் எளிதில் பணம் தர மாட்டார். ஆண்டுதோறும் தவறாமல் வரும் பணத்தால் மட்டுமே அது நடக்கும்.

மறுபக்கம், இதே ஆணையம் 2012 ஒலிம்பிக் போட்டிகளின் பெரிய அரங்குகளுக்கும் உரிமையாளர். சைக்கிள் பந்தய அரங்கு, ஹாக்கி டென்னிஸ் மையம், பாயும் நீரில் படகோட்டும் மையம் ஆகியவை அதன் பொறுப்பில் உள்ளன. இவை கட்டணமாகவும் வாடகையாகவும் வருவாய் தருகின்றன. மின்சாரமும் பராமரிப்புமாகச் செலவும் வைக்கின்றன. படகுத் துறைகளும் முகாம் மைதானங்களும் இன்னொரு வருவாய். இந்த வருவாய் கூடக் கூட லெவியின் சுமை குறையும் என்பதே ஆணையத்தின் கணக்கு.

இப்போது குரோய்டன்வாசியின் கேள்விக்குத் திரும்புவோம். பயன்படுத்தாத பூங்காவுக்கு அவர் ஏன் கட்ட வேண்டும்? தென் லண்டன் பரோக்கள் இதை நெடுங்காலமாகக் கேட்டுவருகின்றன. வட்டாரப் பூங்கா என்பது முழு வட்டாரத்துக்கும் உரியது, கிழக்கு லண்டனின் ஏழைப் பரோக்கள் மட்டும் தனித்துச் சுமக்க முடியாததைப் பெருநகரம் பகிர்ந்துகொள்கிறது என்பது வழக்கமான பதில். அதை நான் ஏற்கிறேன். 1960களின் குப்பை மேடுகள் முழு லண்டனின் குப்பையும்தானே. ஆனால் கேள்வி கேட்பவரின் மனக்குறையிலும் நியாயம் இருக்கிறது. கவுன்சில்கள் தங்கள் வரியை ஓர் அளவுக்கு மேல் உயர்த்த வேண்டுமென்றால் மக்கள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று 2011-ன் சட்டம் சொல்கிறது. 2014-ல் கொண்டுவந்த மாற்றத்தால் அந்த அளவைக் கணக்கிடும்போது லெவியும் சேர்ந்துவிடுகிறது. ஆகவே லெவி உயர்ந்தால் கவுன்சிலின் சொந்தச் சேவைகளுக்கான இடம் அந்த அளவுக்குக் குறுகும். குரோய்டன் கவுன்சில் 2020 நவம்பரில், வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை என்று சட்டப்படியான அறிவிப்பே வெளியிட வேண்டி வந்தது. அப்படிப்பட்ட நிலையிலும் லெவி பில் வந்துகொண்டுதான் இருக்கும்.

தென்மேற்கு லண்டனில் இதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாடு 1871-லிருந்து நடக்கிறது. விம்பிள்டன் பொது நிலத்தின் ஒரு பகுதியை விற்று மீதியை வேலியடைக்க அதன் நிலப்பிரபுவான ஏர்ல் ஸ்பென்சர் 1864-ல் முயன்றபோது அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். போராட்டத்தின் முடிவில் வந்த சட்டம், ஏர்லுக்கு ஆண்டுக்கு 1,200 பவுண்டு தருவதென்றும், விம்பிள்டன், பட்னி பொது நிலங்களைக் காப்பாளர் குழு ஒன்று நிர்வகிப்பதென்றும் முடிவு செய்தது. செலவைச் சுமப்பவர்கள், முக்கியமாக, நிலத்திலிருந்து முக்கால் மைலுக்குள் குடியிருப்பவர்கள். எட்டுக் காப்பாளர்களில் மூவரை அரசின் துறைகள் நியமிக்கின்றன. ஐவரை லெவி கட்டுபவர்களே மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்டுபவர் யார், வாக்காளர் யார், காலையில் நாயோடு அங்கே நடப்பவர் யார் என்ற மூன்று கேள்விக்கும் ஏறத்தாழ ஒரே விடை.

கேட்பதற்கு இது நேர்மையாகத் தெரிகிறது. ஆனால் விம்பிள்டனைச் சுற்றி வசதியானவர்கள் வாழ்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த முறையை 1967-ல் லீ பள்ளத்தாக்கில் வைத்திருந்தால், குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் வாழ்ந்த ஏழைத் தொழிலாளர்களே அதைச் சுத்தம் செய்யவும் பணம் கட்டியிருக்க வேண்டும். எனவே பரந்த லெவியை ஒழிப்பதைவிட, தொலைவில் இருந்து கட்டுபவருக்கு ஆணையத்தில் இன்னும் தெளிவான குரல் தருவதே நல்ல திருத்தம் என்பது என் முடிவு.

ஆணையத்தைக் கண்காணிக்கக் குடிமக்களுக்கு ஏற்கெனவே ஒரு கதவு திறந்திருக்கிறது. ஆணையம் பொது அமைப்பு என்பதால், அதன் ஆண்டுக் கணக்குகள் வெளித் தணிக்கையாளருக்குப் போகும்போது, 30 வேலை நாட்களுக்கு அவற்றையும் அவற்றின் ஆதாரச் சீட்டுகளையும் பார்வையிட மக்களுக்கு உரிமை உண்டு. அதற்கும் முன்னால், ஜனவரிக் கூட்டத்துக்கான அறிக்கைகளில் அடுத்த ஆண்டு லெவி எவ்வளவு, உச்சவரம்பில் அது எத்தனை விழுக்காடு, இருப்பு நிதி எவ்வளவு என்பதெல்லாம் அட்டவணையாக இருக்கும். மெர்டன், வான்ட்ஸ்வொர்த் பரோக்களின் வரித் துண்டறிக்கையிலோ அதுகூடத் தேட வேண்டாம். விம்பிள்டன் நிலத்துக்கு அருகில் உள்ள வீடுகளுக்கென்று தனி அட்டவணையே அச்சிடப்பட்டிருக்கும். பக்கத்து அட்டவணையோடு ஒப்பிட்டு ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், ஒரு வீடு ஓராண்டுக்கு அந்தப் புல்வெளிக்காகக் கட்டும் தொகை பென்னி வரை தெரிந்துவிடும்.